செற்றும் அதிரவேணும், விடிய வானும் ஸ்ராட் ஆகவேணும்: எந்தப் பற்றரி?

ஒரு வருசம் வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, வானை வெளியில் ஒதுக்குப்புறமாக விட்டேன். ஆட்கள் கோயிலுக்குள், நான் வானுக்குள். இரவு பத்து மணியிலிருந்து அம்மன் பாட்டு, பின்னுக்கு 12 அங்குல சப்வூபர், என்ஜின் நிற்பாட்டியாச்சு. பக்கத்து வான்காரர் வந்து "நல்ல சத்தம் அண்ணை" என்று சொல்ல, அந்தப் புளுகத்தில் இன்னும் கொஞ்சம் கூட்டினேன். விடிய நாலரைக்குத் திறப்பைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மணலுக்குள் நின்ற டொல்பின் வானை ஏழு பேர் தள்ளினார்கள். அதில் ஒருவர் காவடி எடுத்துவிட்டு வந்தவர், அவர் முகத்தை நான் பார்க்கவேயில்லை. பற்றரி வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை.

அடுத்த கிழமையே கடைக்குப் போய் அதைவிடப் பெரிய பற்றரி ஒன்று வாங்கிப் போட்டேன். அது இரண்டாவது பிழை, அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது வாகனத்தில் பாட்டுச் செற் பூட்டுகிற தம்பிமார் என்னிடம் கேட்பதும் அதே கேள்விதான்: அம்ப் (சத்தத்தைக் கூட்டுகிற அம்பிளிபையர்) போட்டாச்சு, லைற் மங்கி மங்கி எரியுது, எந்தப் பற்றரி அண்ணை நல்லது? கடைக்காரர் ஒன்றைச் சொல்கிறார், வயறிங் செய்கிறவர் இன்னொன்றைச் சொல்கிறார், வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிற மச்சான் லித்தியம்தான் என்கிறார். மூன்று பேரும் சொல்வது ஒவ்வொரு நிலைமைக்குச் சரி. உங்கள் நிலைமை எது என்று ஒருவரும் கேட்பதில்லை.

கரண்ட் எங்கேயிருந்து வருகிறது

தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றரியே வரவிடாத காலத்தில், சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் இங்கே கனபேர். சைக்கிள் டைனமோ ஒன்று தருவது 6 வோல்ட், 3 வாட். இன்றைக்கு 600 வாட் அம்ப் ஒன்றுக்கு அப்படி இருநூறு டைனமோ சுற்றவேணும். ஆனால் ஒன்று, சுற்றுகிற கை நின்றால் பாட்டும் நிற்கும் என்பது அப்போது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாகனத்தில் அந்தக் கை பொனற்றுக்குள் மறைந்திருப்பதால் எங்களுக்கு மறந்துபோச்சு.

என்ஜின் ஓடும்போது செற்றுக்குக் கரண்ட் கொடுப்பது ஓல்டனேற்றர். அது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வைத்திருக்கும். முழுச் சார்ஜில் சும்மா கிடக்கிற பற்றரி 12.6, 12.7 வோல்ட்தான். வாய்க்காலில் தண்ணி வருகிறவரை ஆரும் கிணற்றில் மெசின் பூட்டுவதில்லைதானே, அதுபோல வோல்ட் 13க்கு மேல் நிற்கிறவரை பற்றரி ஒன்றும் கொடுப்பதில்லை, அதுவும் வாங்குகிற பக்கத்தில்தான் நிற்கிறது. பேஸ் விழும் கணத்தில் அம்ப் கேட்பது ஓல்டனேற்றரின் பலத்தைத் தாண்டினால் மட்டும் வோல்ட் கீழே சரியும், அந்த நேரம்தான் பற்றரி கை கொடுக்கும். என்ஜினை நிற்பாட்டினால் எல்லாச் சுமையும் பற்றரிக்கு.

ஆகவே காசை எடுக்கமுதல் மல்ரிமீற்றரை எடுங்கள். என்ஜினை ஓடவிட்டு, பேஸ் உள்ள பாட்டைச் சத்தமாகப் போட்டு, முதலில் பற்றரித் தலையில் அளவுங்கள், பிறகு பின்னுக்குப் போய் அம்ப்பின் ரேர்மினலில் அளவுங்கள். பற்றரியில் 13.8, அம்ப்பில் 12.8 என்றால் குற்றம் வயரில். பற்றரியிலேயே 12.5க்கு இறங்குகிறது என்றால் ஓல்டனேற்றர் போதவில்லை. ஓடும்போது எல்லாம் சரியாக இருந்து, நிற்பாட்டிப் பத்து நிமிடத்தில் 11.8க்கு வந்தால்தான் அது பற்றரி விசயம்.

எனக்குத் தெரிய "பற்றரி காணாது" என்று வருகிற வாகனங்களில் பாதிக்கு மேல் வயர்தான் பிழை. மொத்தமான வயர் என்று நம்பி வாங்கியிருப்பார்கள். பிளேட்டால் நுனியைச் சுரண்டிப் பார்த்தால் செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளையாக மினுங்கும், அலுமினியத்தில் செம்பு பூசினது. அதன் தடை சுத்தச் செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அசல் செம்பிலேயே கணக்குப் பார்த்தாலும், 8 சதுர மில்லிமீற்றர் வயர் ஐந்து மீற்றர் ஓடி 60 அம்பியர் போனால் வழியில் மட்டும் 0.6 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். 25 சதுர மில்லிமீற்றரில் அது 0.2 அளவில் நிற்கும். அதோடு என்ஜினிலிருந்து சசிக்கும் (வாகனத்தின் இரும்புச் சட்டம்), பற்றரி நெகற்றிவிலிருந்து சசிக்கும், ஓல்டனேற்றரிலிருந்து பற்றரிக்கும் போகிற மூன்று கேபிளையும் மொத்தமாக்கினால் லைற் மங்குவது பல வாகனங்களில் நின்றுவிடும். பற்றரி மாற்றுவதைவிட மலிவு.

சரி, அதெல்லாம் பார்த்தாச்சு, பற்றரிதான் மாற்றவேணும் என்று வந்துவிட்டது. இனி எதை வைத்து ஒப்பிடுவது?

எதை வைத்து அளப்பது

முதலாவதும் முக்கியமானதும், என்ஜின் நிற்பாட்டி எவ்வளவு நேரம் கேட்பீர்கள் என்பது. முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி முடிகிற பத்து நிமிடமா, முல்லைத்தீவுக் கடற்கரையில் பின்னேரம் முழுக்கவா? மற்ற எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

இரண்டாவது, அம்ப் உண்மையில் எவ்வளவு இழுக்கும். பெட்டியில் 3000 வாட் என்று போட்டிருப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது விற்கிறவரின் ஆசை. அம்ப்பின் பின்பக்கம் குத்தியிருக்கிற பியூஸைப் பாருங்கள். 30 அம்பியர் பியூஸ் இரண்டு என்றால் 60 அம்பியர். 13.8 வோல்ட்டால் பெருக்க 828 வாட் உள்ளே போகிறது. 'டி' வகுப்பு அம்ப் என்றால் அதில் எண்பது வீதமளவு, ஏறக்குறைய 660 வாட், சத்தமாக வரும். பழைய 'ஏபி' வகுப்பு என்றால் பாதிதான் வரும், மிச்சம் சூடு. பாட்டு என்பது தொடர்ந்து அடிக்கிற சங்கு இல்லை என்பதால், சராசரி இழுவை உச்சத்தின் மூன்றிலொன்று என்று வைக்கலாம், இங்கே 20 அம்பியர். 70 அம்பியர் மணி (ஒரு அம்பியர் வீதம் 70 மணித்தியாலம்) பற்றரியில் பாதியை மட்டும் எடுத்தால் 35 அம்பியர் மணி. தாளில் ஒன்றேமுக்கால் மணித்தியாலம், நடப்பில் ஒன்றரை. ஏன் பாதி? ஸ்ராட்டுக்குச் செய்த பற்றரியை அதற்குக் கீழே இறக்கினால் ஒவ்வொரு தடவையும் அதன் ஆயுளில் ஒரு துண்டு போகும்.

மூன்றாவது, வெக்கை. இதைக் குளிர் நாட்டுக் காணொளிகளில் பேசமாட்டார்கள். ஈய அமிலப் பற்றரியின் ஆயுள் 25 பாகைக்குக் கணக்கிட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு எட்டுப் பத்துப் பாகைக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. ஆடி மாத மத்தியானம் மாங்குளத்தில் வாகனத்தை நிற்பாட்டிப் பொனற்றைத் திறந்து பற்றரியில் கையை வைத்துப் பாருங்கள், மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. அதேபோல் பற்றரியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற சி.சி.ஏ. (குளிரில் ஸ்ராட் பண்ணுகிற பலம்) எண் சுழியத்துக்குக் கீழே 18 பாகைக் குளிரில் அளந்தது. நுவரெலியாவுக்கே அந்தக் குளிர் வராது. உள்தடை எவ்வளவு குறைவு என்று ஓரளவு ஊகிக்க அது உதவும், அதைத் தாண்டி அதற்காகக் காசு கொடுக்காதீர்கள். ஆர்.சி. என்று நிமிடக் கணக்குப் போட்டிருந்தால் அதைப் பாருங்கள். 25 அம்பியர் விடாமல் இழுத்தால் 10.5 வோல்ட்டுக்கு வர எத்தனை நிமிடம் என்பது அது, செற்காரருக்கு மிகக் கிட்டின எண்.

அடுத்தது ஓல்டனேற்றர் எவ்வளவு, எடுத்ததைத் திருப்பி நிரப்ப நீங்கள் எவ்வளவு தூரம் ஓடுவீர்கள். கடைசியாக இடம், காசு, வொறண்டி.

பெரிய தண்ணிப் பற்றரி

எல்லாக் கடையிலும் இருக்கும், பிழைத்தால் அதே நாளில் மாற்றலாம், பழையதைக் கொடுத்தால் காசு கழிப்பார்கள். வெக்கைக்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கும், தண்ணி வற்றினால் விட்டுக்கொள்ளலாம் என்பதே அதற்குக் காரணம். விடும்போது பற்றரித் தண்ணிதான், கிணற்றுத் தண்ணி கூடாது. உங்கள் கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறது பாருங்கள், அதுதான் பற்றரிக்குள் இருக்கிற ஈயத் தட்டிலும் போய் இருக்கும்.

பெரிசாக்கும்போது எண்ணைப் பார்க்கத் தெரிந்திருக்கவேணும். 55டி23எல் என்றால் 55 பலம், 'டி' அகலமும் உயரமும் சேர்ந்த வகுப்பு, 23 நீளம் சென்ரிமீற்றரில், 'எல்' என்பது முனை எந்தப் பக்கம் என்பது. எல்லுக்குப் பதில் ஆர் வாங்கினால் கேபிள் எட்டாது, எட்டவைக்க இழுத்துக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். உயரம் கூடினால் பொனற் முனையில் முட்டும். என்னுடைய கண் முன்னாலேயே ஒரு வாகனத்தில் அது முட்டிப் பொறி பறந்தது. பற்றரி வைக்கிற தட்டும் கிளிப்பும் மாற்றுவது, கேபிள் நீட்டுவது எல்லாம் மறைந்த செலவு.

இனி என் இரண்டாவது பிழை. பெரிய பற்றரி போட்டபோது பாட்டு நேரம் கூடியது உண்மை. ஆனால் என் ஓட்டம் அப்போது பள்ளிக்கூட ஹயர், காலையில் எட்டுக் கிலோமீற்றர், பின்னேரம் எட்டு. இரவில் நிற்பாட்டி எடுத்ததை அந்த ஓட்டம் ஒருநாளும் நிரப்பவில்லை. பெரிய தொட்டி, சின்ன வாய்க்கால். பாதி நிரம்பியே கிடந்த தட்டில் வெள்ளை உப்புக் கட்டி, ஒரு வருசத்தில் பற்றரி செத்தது. பெரிய பற்றரி ஓல்டனேற்றரை எரிக்கும் என்று சொல்வார்கள், அப்படி ஒன்றும் இல்லை, எடுத்ததைத்தான் திருப்பிக் கேட்கும். நீங்கள் திருப்பிக் கொடுக்கிறீர்களா என்பதுதான் கேள்வி.

இது நல்லது: ஓடும்போது மட்டும் கேட்கிறவருக்கு, அம்ப் பியூஸ் 40 அம்பியருக்குள் உள்ளவருக்கு.

ஈ.எவ்.பி. பற்றரி

சிக்னலில் என்ஜின் தானாக நின்று தானாக ஸ்ராட் ஆகிற வாகனங்களுக்கென்று வந்தது. இதுவும் தண்ணிப் பற்றரிதான், ஆனால் உள்ளிருக்கிற ஈயத் தட்டு திறம், அடிக்கடி பாதி இறங்கி ஏறுவதைத் தாங்கும், சார்ஜையும் கெதியாக வாங்கும். ஜப்பான் அளவில் எம்-42, என்-55, கியூ-85, எஸ்-95 என்று எண் வரும். டி23 இருந்த இடத்தில் கியூ-85 இருக்கும், டி26 இருந்த இடத்தில் எஸ்-95 இருக்கும், ஆகவே பற்றரி வைக்கிற தட்டு மாற்றத் தேவையில்லை. பொனற்றுக்குள் சூட்டில், அடுத்து வருகிற ஏ.ஜி.எம். வகையைவிட இது பரவாயில்லை.

விலை சாதாரணத்தைவிடக் கூட, ஏ.ஜி.எம்.மை விடக் குறைய. சின்ன ரவுண் கடைகளில் ராக்கையில் இருக்காது, சொல்லி எடுப்பிக்கவேணும். வாகனம் சாதாரணம், செற் நடுத்தரம், கிழமையில் ஒருநாள் ஒரு மணித்தியாலம் நிற்பாட்டிக் கேட்கிற ஆள் என்றால் நான் வேறு யோசனையே இல்லாமல் இதைத்தான் சொல்வேன்.

ஏ.ஜி.எம். பற்றரி

செற்காரர்களின் கனவு இது. அமிலத்தைக் கண்ணாடிப் பஞ்சு உறிஞ்சி வைத்திருக்கும், கவிழ்ந்தாலும் ஊற்றாது. உள்தடை குறைவு என்பதால் பேஸ் அடிக்கும் கணத்தில் வோல்ட் அதிகம் விழாது. வோல்ட்டை விட்டுக்கொடுக்காத பற்றரி சத்தத்தில் தெரியும், ஏனென்றால் சாதாரண அம்ப் ஒன்றுக்கு 14.4 இருந்த இடத்தில் 12 வந்தால் பலம் முப்பது வீதமளவு குறைந்துவிடும்.

ஆனால் வன்னியில் பொனற்றுக்குள் இதை வைக்கவேண்டாம். இதில் தண்ணி விட வழியில்லை. சூட்டிலும் கூடின வோல்ட்டிலும் உள்ளிருக்கிறது காய்ந்தால் காய்ந்ததுதான். பழைய வான்களில் ஓல்டனேற்றரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேற்றர் சரியில்லாமல் 15 வோல்ட் அடிப்பதைக் கண்டிருக்கிறேன். தண்ணிப் பற்றரி அதைத் தண்ணி குடித்துச் சமாளிக்கும், இது சமாளிக்காது, 14.8ஐத் தாண்டினாலே நாள் எண்ணவேண்டியதுதான். சூடு கூடக் கூடச் சார்ஜ் வோல்ட்டைக் குறைக்கவேணும் (ஒரு பாகைக்கு 20 மில்லிவோல்ட் அளவில்) என்பது பற்றரியின் நியதி, பழைய ஓல்டனேற்றருக்கு அந்தக் கணக்கு நன்றாக வராது. சாதாரணத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காசைக் கொடுத்துவிட்டு, இரண்டாவது ஆடியில் அதைத் தூக்கி எறிவது வயிற்றெரிச்சல்.

இது நல்லது: பற்றரி பின்னுக்கு அல்லது சீற்றுக்குக் கீழே இருக்கிற வாகனத்துக்கு. அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருக்கிறவர்கள் கவனிக்கவேணும், அவற்றில் ஓல்டனேற்றரே இல்லை, காரை ஓட்டுகிற பெரிய பற்றரியிலிருந்து மாற்றி ஒன்று 12 வோல்ட்டுக்கு இறக்கிக் கொடுக்கிறது. 12 வோல்ட் பற்றரி சின்னது, ஆட்கள் இருக்கிற அறைக்குள் இருக்கிறது. அதனால் வாயு வெளியே போகிற குழாய் உள்ள வகையையே வாங்கவேணும், குழாயைத் திரும்பப் பூட்டவும் மறக்கக்கூடாது. வாகனத்தைக் 'ரெடி' நிலைக்குக் கொண்டுவராமல் வெறும் அக்சசரியில் பாட்டுக் கேட்டால் அந்தச் சின்னப் பற்றரி கெதியாகப் படுத்துவிடும்.

இரண்டாவது பற்றரி

நிற்பாட்டி மணிக்கணக்காகக் கேட்கிறவருக்கு இதுதான் விடை, மிச்சமெல்லாம் சுற்றுவழி. முன்னால் இருக்கிறது ஸ்ராட்டுக்கு, பின்னால் இருக்கிறது செற்றுக்கு, நடுவில் ஒரு ரிலே. ஓல்டனேற்றர் ஓடி வோல்ட் 13.3 அளவுக்கு ஏறினால் ரிலே இரண்டையும் சேர்க்கும், 12.8க்கு இறங்கினால் பிரிக்கும். பின்னால் இருப்பதை வடித்துக் குடித்தாலும் முன்னால் இருப்பது தொடப்படாமல் இருக்கும். பொங்கலுக்கு ஏழு பேர் தேவையில்லை.

செலவை ஒளிக்காமல் சொல்கிறேன்: பற்றரி, ரிலே, மொத்தக் கேபிள், கேபிளின் இரண்டு நுனியிலும் பியூஸ், அசையாமல் பிடிக்க இரும்புப் பிறேம், ஆட்கள் இருக்கிற பக்கம் என்றால் மூடின பற்றரி. பியூஸ் இரண்டு பக்கமும் ஏன் என்று கேட்பார்கள். கேபிள் நடுவில் எங்காவது தகரத்தில் உரசினால் இரண்டு பற்றரியும் இரண்டு பக்கத்திலிருந்தும் நெருப்பை ஊட்டும், அதற்காக. பற்றரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்கவேணும்.

இன்னொரு மறைந்த செலவு நேரம். பின் பற்றரியில் 50 அம்பியர் மணி எடுத்துவிட்டால், ஓல்டனேற்றரில் மிச்சம் 30 அம்பியர் கிடைத்தாலும் இரண்டு மணித்தியாலம் போகும், கடைசி இருபது வீதம் அதற்குப் பிறகும் மெல்ல மெல்லத்தான் ஏறும். முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வரை ஓடினால் நிரம்பிவிடும் என்று நினைக்கவேண்டாம், நிரம்பாது. வீட்டில் இரவு முழுக்க மெல்லமாக ஏற்றுகிற சார்ஜர் ஒன்று இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டியது. அந்தப் பள்ளிக்கூட ஹயர் காலத்தில் என்னிடம் அது ஒன்று இருந்திருந்தால் அந்தப் பெரிய பற்றரியும் தப்பியிருக்கும்.

பழையதையும் புதியதையும் ரிலே இல்லாமல் நேராகச் சேர்க்கவேண்டாம். பழையது புதியதை இரவிரவாகக் குடித்துவிடும்.

வீட்டுச் சோலர் பற்றரி

இன்வேற்றருக்கு வைத்த 150 அம்பியர் மணிக் குழாய்த் தட்டுப் பற்றரி திண்ணையில் கிடக்கும், அதைத் தூக்கி வானுக்குள் வைத்தால் என்ன என்று ஆருக்கும் வருகிற ஆசைதான். ஐம்பது கிலோவுக்கு மேல் பாரம். அது மெல்ல மெல்லக் கொடுக்கச் செய்தது, பத்து இருபது மணித்தியாலமாக. பேஸ் ஒரு அடியில் 60, 80 அம்பியர் கேட்டால் உள்தடையில் வோல்ட் தொபுக்கென்று விழும். குலுக்கத்துக்கும் செய்யவில்லை, எங்கள் குறுக்கு றோட்டுகளைச் சொல்லத் தேவையில்லை. சார்ஜ் ஏறும்போது வருகிற வாயு பூட்டின வானுக்குள் நிற்பதும் ஆபத்து. பட்டா லொறியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தல் செய்கிறவருக்கு, 100 வாட் அளவில் நாள் முழுக்க, திறந்த பெட்டியில், இது திறம். சப்வூபருக்கு வேண்டாம்.

லித்தியம்

லித்தியம் இரும்புப் பொஸ்பேற்று வகையைத்தான் சொல்கிறேன். 100 அம்பியர் மணி உள்ளது 12 கிலோ அளவுதான். எண்பது தொண்ணூறு வீதம் எடுக்கலாம், வோல்ட் கடைசிவரை 13ஐ ஒட்டியே நிற்கும், இரண்டாயிரம் தடவைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். மச்சான் சொன்னதில் பொய் இல்லை.

அவர் சொல்லாததைச் சொல்கிறேன். வெறுமையான லித்தியத்தை ஓல்டனேற்றரோடு நேராகச் சேர்த்தால் கிடைக்கிற கரண்ட் முழுவதையும் இழுக்கும். ஓல்டனேற்றர், அதுவும் மெல்ல ஓடிக் காற்றுக் குறைந்த நேரத்தில், சூடேறிக் கருகும். அதற்கு இடையில் கரண்டை மட்டுப்படுத்துகிற டி.சி. டி.சி. சார்ஜர் வேணும், அது தனிக் காசு. உள்ளிருந்து பற்றரியைக் காவல் காக்கிற பி.எம்.எஸ். பலகை 100 அம்பியருக்கு என்றால் அதைத் தாண்டின அடியில் பாட்டை ஒரேயடியாக வெட்டிவிடும், ஆகவே வாங்கமுதல் அந்த எண்ணைக் கேளுங்கள். பொனற்றுக்குள் வைக்கவே கூடாது. பிழைத்தால் இங்கே திருத்த ஆளைத் தேடவேணும்.

கழற்றின மின்கார் செல்லை மலிவாக வாங்கிச் செற்றுக்குப் பூட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது வேறு வகை லித்தியம். மூன்று செல் தொடராகப் போட்டால் 12.6 வோல்ட்டில் நிறைந்துவிடும், ஓல்டனேற்றர் 14.4 அடிக்கும், அது நெருப்பு. நாலு போட்டால் அந்த 14.4இல் பாதிகூட நிரம்பாது. எந்தப் பக்கமும் பொருந்தாத சாமான், அதற்கு மேலே சீற் போட்டுப் பிள்ளைகளை இருத்துகிறோம்.

இது நல்லது: கையில் காசும், இரண்டாவது பற்றரி இடத்தில் சார்ஜரோடு முறையாகப் பூட்டத் தெரிந்த ஆளும் உள்ளவருக்கு.

கப்பாசிற்றர் பற்றி இரண்டு வரி

பேஸ் அடிக்குக் கை கொடுக்கும் என்று பூட்டுகிற, நீல லைற் எரிகிற ஒரு பரட் கப்பாசிற்றரில், வோல்ட் 14இலிருந்து 12க்கு விழும்வரை கிடைப்பது 26 யூல். 1000 வாட் இழுவைக்கு அது ஒரு செக்கனில் நாற்பதில் ஒரு பங்குக்குக் காணும். அந்தக் காசுக்குக் கேபிள் வாங்குங்கள்.

ஒரு பார்வையில்

| வகை | ஓடும்போது | நிற்பாட்டிக் கேட்க | வெக்கை | விலை | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| பெரிய தண்ணிப் பற்றரி | போதும் | ஒரு மணித்தியாலமளவு, அடிக்கடி கூடாது | தாங்கும் | குறைவு | தட்டு, கிளிப், தண்ணி |
| ஈ.எவ்.பி. | நல்லது | ஒரு மணித்தியாலம், அடிக்கடியும் | தாங்கும் | நடுத்தரம் | எடுப்பிக்கிற காத்திருப்பு |
| ஏ.ஜி.எம். | மிக நல்லது | நல்லது | பொனற்றுக்குள் தாங்காது | கூட | ரெகுலேற்றர் சரிபார்ப்பு |
| இரண்டாவது பற்றரி | நல்லது | மிக நல்லது | வைக்கிற இடத்தைப் பொறுத்தது | கூட | ரிலே, கேபிள், பியூஸ், வீட்டுச் சார்ஜர் |
| சோலர் பற்றரி | வேண்டாம் | குறைந்த வாட்டுக்கு மட்டும் | தாங்கும் | வீட்டில் இருந்தால் சும்மா | பாரம், வாயு |
| லித்தியம் | மிக நல்லது | மிக நல்லது | பொனற்றுக்குள் கூடாது | மிகக் கூட | டி.சி. டி.சி. சார்ஜர் |

24 வோல்ட்காரர்கள்

பஸ், லொறி வைத்திருக்கிறவர்கள் இதை மட்டும் செய்யாதீர்கள்: இரண்டு பற்றரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை இழுத்துச் செற்றுக்குக் கொடுப்பது. ஒன்று எப்போதும் வற்றிக் கிடக்கும், மற்றது எப்போதும் கூடச் சார்ஜ் வாங்கிக் கொதிக்கும், இரண்டும் வேறு வேறு வருத்தத்தில் சாகும். 24ஐ 12க்கு இறக்குகிற மாற்றி ஒன்று போடுங்கள், அம்ப்புக்குப் போதுமான அம்பியர் உள்ளதாகப் பார்த்து.

கடையில்

பற்றரி கனகாலம் ராக்கையில் இருந்தால் போடாமலே கிழடாகும். எங்கள் ரவுண்களில் பெரிய அளவுகள் மெல்லத்தான் விற்கும், ஆகவே மூடியிலோ பக்கத்திலோ அடித்திருக்கிற உற்பத்தித் திகதியைக் கேட்டு வாசியுங்கள், ஆறு மாதத்தைத் தாண்டினதென்றால் வேறு ஒன்று கேளுங்கள். ஒரு தடவை ஒரு கடையில் பளபளவென்று துடைத்துத் தந்த பற்றரியை நான் மீற்றரால் அளந்தபோது 12.2 காட்டியது, பாதிச் சார்ஜ். "ஓடினால் ஏறும் அண்ணை" என்றார். ஏறும்தான், ஆனால் எத்தனை மாதம் அப்படிக் கிடந்தது என்பது தட்டுக்குத்தான் தெரியும். 12.5க்குக் கீழே காட்டினால் வாங்கவேண்டாம், மீற்றரைக் கையோடு கொண்டுபோங்கள், வெட்கப்படாதீர்கள்.

வொறண்டி அட்டையை வாசியுங்கள். வடித்துச் சாகடித்த பற்றரிக்கு வொறண்டி கிடைப்பது குறைவு, எங்கள் ஆட்களின் பற்றரி பெரும்பாலும் அப்படித்தான் சாகிறது.

பூட்டுகிறவரிடம் அம்ப்பின் ரிமோட் வயரை (அம்ப்பை எழுப்பி நிற்பாட்டுகிற மெல்லிய வயர்) எங்கே கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். திறப்போடு ஓஃப் ஆகிற இடத்தில் இல்லாமல் நேராகப் பற்றரியில் கொடுத்திருந்தால், பாட்டு நின்றாலும் அம்ப் விழித்திருந்து இரவிரவாகக் குடித்துக்கொண்டிருக்கும். அப்படியானால் இவ்வளவு நேரம் பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்த பற்றரி எதுவாக இருந்தாலும் விடிய அதே 'டிக்'தான்.